உங்க யானை, எங்க வயல்: காட்டோர ஊர்களில் 17 வருட வேலை

காட்டு விலங்குப் பாதுகாப்பு வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். விடிகாலை ஐந்தரைக்கு போன் வந்தது, ஒரு ஆட்டுப்பட்டியில் சிறுத்தை இறங்கிவிட்டது என்றார்கள். நான் போய்ச் சேரும்போது நன்றாக விடிந்திருந்தது. முள்ளை வைத்துக் கட்டிய பட்டி, இடுப்பு உயரம்தான், மேலே மூடி எதுவும் இல்லை. உள்ளே 9 ஆடுகள் செத்துக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் கழுத்தில் பல் பதிந்திருந்தது, ஒன்றைக்கூடத் தின்றிருக்கவில்லை. பத்தாவதை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருந்தது. வெட்டவெளியில் என்றால் ஒரு ஆட்டை அடிப்பதற்குள் மற்றவை சிதறி ஓடிவிடும். பட்டிக்குள் ஓட இடமில்லை, கண்ணுக்கு முன்னால் மிரண்டு துள்ளுவதையெல்லாம் சிறுத்தை அடுத்தடுத்து அடித்துக்கொண்டே போகும். இது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம். அந்த ஆடுகளை வளர்த்த அம்மாவுக்கு அது ஒரே ராத்திரியில் போன ஐந்து வருட உழைப்பு.

அவர் அழவில்லை, திட்டவுமில்லை. பட்டிக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, "தம்பி, உங்க சிறுத்தை வந்துட்டுப் போயிருக்கு. எழுத வேண்டியதை எழுதிக்கோங்க" என்றார்.

உங்க சிறுத்தை. இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு வடிவில் இதைக் கேட்டிருப்பார்கள். உங்க யானை, உங்க பன்னி, உங்க மயில். விலங்கைக் காப்பாற்ற வருகிறவன்தான் அதற்குச் சொந்தக்காரன், அது செய்த நஷ்டத்துக்கும் அவன்தான் பொறுப்பு என்பது அவர்கள் கணக்கு. ரொம்ப நாள் இதை ஒரு தவறான புரிதல் என்று நினைத்து, பொறுமையாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அது சரியான கணக்கு என்றே தோன்றுகிறது. அந்தச் சிறுத்தை உயிரோடு இருப்பதில் சந்தோஷம் எங்கோ தொலைவில் இருப்பவர்களுக்கு, செலவு இந்த அம்மாவுக்கு. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் நம் வேலை. இந்தத் துறைக்கு வரலாமா என்று யோசிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பதால், எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். ஊர்ப் பெயர்களைச் சொல்லவில்லை, ஏனென்றால் இதில் வரும் இழப்பும் சண்டையும் அந்த மக்களுடையவை.

முதல் தப்பை அன்றைக்கே செய்துவிட்டேன். "கவலைப்படாதீங்கம்மா, இழப்பீடு கிடைச்சிரும்" என்று சொல்லிவிட்டேன். கிடைத்தது 14 மாதம் கழித்து, அதுவும் 5 ஆடுகளுக்கு மட்டும். கால்நடை மருத்துவர் வருவதற்குள் நாற்றம் தாங்காமல் மீதியைப் புதைத்துவிட்டிருந்தார்கள், பார்க்காத ஆட்டுக்குச் சான்று எழுத முடியாது என்றார் அவர். அந்த 14 மாதமும் அந்தத் தெருவில் என்னைப் பார்த்து யாரும் முகம் கொடுக்கவில்லை. நம் கையில் இல்லாத எதையும் வாக்காகக் கொடுக்கக் கூடாது. "விண்ணப்பத்தை நாளைக்குக் காலையில் நானே எழுதித் தருகிறேன், கொண்டுபோய்க் கொடுக்கக் கூட வருகிறேன்" என்பது வரைக்கும்தான் சொல்லலாம், சொன்னபடி போய் நிற்க வேண்டும்.

அப்புறம் படிப்படியாகப் பழகிக்கொண்டது இது: செத்த விலங்கை இழுத்துப் போடுவதற்கு முன்பு படம் எடுங்கள். பட்டி முழுவதும் தெரிகிற மாதிரி ஒன்று, எல்லா உடல்களும் ஒரே படத்தில் வருகிற மாதிரி ஒன்று, கழுத்துக் காயத்துக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று, காதில் பட்டை இருந்தால் எண் தெரிய ஒன்று, கால்தடம் ஒன்று. நேரம் எழுதுங்கள், கூட இருந்த இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். இழப்பு நடந்த எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு கெடு அநேகமாக எல்லா இடத்திலும் இருக்கும். அது என்ன என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முக்கால்வாசி விண்ணப்பங்கள் தள்ளுபடி ஆவதை நான் பார்த்தது இந்தச் சின்ன விஷயங்களில்தான்.

அந்தப் பட்டிக்கு மேலே கம்பி வலை போட்டோம். வலை நாங்கள் கொடுத்தது, கம்பும் கூலியும் அவர்களுடையது. கதவுக்குக் கீழே ஒரு சாண் சந்து இருந்தது, அதைக் கல் வைத்து அடைத்தோம். அதன்பிறகு அந்தப் பட்டிக்குள் எதுவும் நுழைந்ததில்லை. இவ்வளவு சுலபமான காரியத்தை ஆடுகள் சாவதற்கு முன்பு ஏன் யாரும் செய்யவில்லை என்ற கேள்வி என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. எங்கள் அலுவலகத்தில் அந்த வருடத் திட்டத்தில் விழிப்புணர்வுப் பலகைகளுக்கு நிதி இருந்தது, பட்டிக்கு இல்லை. அவ்வளவுதான் காரணம்.

நான் படித்தது விலங்கியல். காட்டில் நடந்து விலங்குகளை எண்ணப் போகிறோம் என்ற ஆசையில்தான் வந்தேன். உண்மையில் ஒரு மாதத்தில் விலங்கை நேரில் பார்க்கிற நாள் இரண்டோ மூன்றோ இருக்கும். மற்ற நாளெல்லாம் கூட்டம், பதிவேடு, ரசீது, சண்டை சமாதானம், அலுவலக வாசலில் காத்திருப்பது. இந்த வேலைக்கு எது முக்கியம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது கணக்கு எழுதத் தெரிய வேண்டும் என்பதைத்தான். ஊர்ப் பொதுப்பணத்தைக் கையாளும் குழுவுக்கு வரவு செலவு எழுதக் கற்றுக்கொடுக்கத் தெரியாதவர், எவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளராக இருந்தாலும், முதல் பணத்தகராறிலேயே ஊரை இழந்துவிடுவார். அடுத்தது மல்டிமீட்டர் பிடிக்கிற அளவுக்கு மின்சார அறிவு, முதலுதவி, பைக் பஞ்சர் ஒட்டுவது. பாம்புக்கடி என்றால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், ஆளை நடக்கவிடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை நீங்களும் தெரிந்துகொண்டு ஊருக்கும் சொல்லுங்கள். யானையால் போகிற உயிரைவிடப் பாம்பால் போகிற உயிர் அதிகம், அதைப் பற்றி நாம் அக்கறை காட்டினால்தான் யானையைப் பற்றிப் பேசும்போது காது கொடுப்பார்கள்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் பட்ட அடியைச் சொல்ல வேண்டும். முதல் முறை ஊர்க் காவலர்களை நாங்களே நேர்காணல் வைத்து எடுத்தோம். நன்றாக எழுதத் தெரிந்த, சாலையோரத்து ஊர்ப் பையன்கள் வந்தார்கள். ஒரு வருடத்துக்குள் 6 பேரில் 5 பேர் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், அவர்கள் மேல் குற்றமில்லை. அந்த நேரத்தில்தான் நமீபியாவில் நடந்ததைப் படித்தேன். அந்த நாட்டின் வடமேற்கில் 1980களின் தொடக்கத்தில் கடும் வறட்சி, கால்நடைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, கூடவே கள்ளவேட்டை. பாலைவன யானையும் கறுப்புக் காண்டாமிருகமும் தப்புமா என்ற நிலை. கார்த் ஓவன்-ஸ்மித் என்பவர் அங்கிருந்த ஊர்த் தலைவர்களிடம் போய்ப் பேசி, அவர்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஆட்களைக் காவலர்களாக வைத்தார். அந்தக் காவலர்கள் பதில் சொல்ல வேண்டியது அவர்களுடைய தலைவர்களுக்கு, வெளியிலிருந்து வந்த அமைப்புக்கு அல்ல. பிற்பாடு இந்தப் பணியில் மார்கரெட் ஜேக்கப்சன் அவரோடு சேர்ந்தார், இருவருக்கும் 1993இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. 1996இல் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. எல்லை வகுத்து, உறுப்பினர் பட்டியல் போட்டு, குழு அமைத்துப் பதிந்துகொள்ளும் ஊர்களுக்குத் தங்கள் நிலத்தில் உள்ள விலங்குகளால் வரும் வருமானத்தின் மேல் உரிமை வந்தது. 1998இல் முதல் பதிவுகள் நடந்தன, இன்றைக்கு அப்படி 80க்கு மேல் இருக்கின்றன.

படித்துவிட்டு இரண்டாவது முறை தேர்வை ஊர்களிடமே விட்டோம். ஒரு ஊர் அனுப்பியவர் யார் தெரியுமா, அந்தப் பக்கத்தில் கண்ணி வைப்பதில் கைதேர்ந்தவர் என்று பெயரெடுத்தவர். அலுவலகத்தில் பெரிய எதிர்ப்பு. ஆனால் கண்ணி எங்கே இருக்கும், எந்த மாதத்தில் எந்தத் தண்ணீர்க்குழிக்கு யார் போவார்கள் என்று அவரைத் தவிர யாருக்குத் தெரியும்? 11 வருடம் எங்களோடு வேலை பார்த்தார்.

அவரிடம் நான் கற்றது கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மழை விட்ட காலையில் சேற்றில் ஒரு யானைத் தடம். குனிந்து ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டிய மண் இன்னும் குழைவாக இருந்தது. தடத்தின் உள்ளே ஒரு மழைத்துளிக் குழிகூட இல்லை, அப்படியென்றால் மழை நின்ற பிறகுதான் போயிருக்கிறது. ஒரு கயிற்றை எடுத்து முன்னங்கால் தடத்தைச் சுற்றி வைத்து, அந்த நீளத்தை இரண்டால் பெருக்கி, தன் தலைக்கு மேலே கையை உயர்த்திக் காட்டினார். ஏறக்குறைய அதுதான் அந்த யானையின் தோள் உயரம். கொஞ்ச தூரத்தில் பின்னங்கால் தடம் ஒன்று இழுத்தாற்போல் இருந்ததைக் காட்டி, "இது நொண்டுது. வேகமா போகாது, தெற்கால தண்ணிக்குத்தான் போகும், இன்னைக்கு அந்தப் பக்கம் மாடு ஓட்டாதீங்கன்னு சொல்லிருவோம்" என்றார். சொன்னோம். சாயங்காலம் அங்கேதான் நின்றது.

இந்த அறிவைப் பழங்கதை என்று ஒதுக்குகிறவர்கள் பிரேசிலின் மமிராவா பகுதியைப் பார்க்கலாம். பிரருகு என்று ஒரு பெரிய மீன், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்து காற்றை இழுக்கும். பழகிய மீனவர்கள் அது எழுகிற சத்தத்தையும் அலையையும் வைத்தே ஏரியில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிடுவார்கள். ஆராய்ச்சியாளர்கள் சரிபார்த்தபோது அந்த எண்ணிக்கை நம்பத்தகுந்ததாக இருந்தது. 1999 முதல் அந்தக் கணக்கின் அடிப்படையில்தான் அங்கே பிடிக்கும் அளவு முடிவாகிறது, வளர்ந்த மீன்களில் 30 சதவீதத்துக்கு மேல் பிடிக்க அனுமதி இல்லை. அந்த மீன் திரும்பப் பெருகியது. எண்ணுகிறவரே முடிவெடுப்பதிலும் இருந்தால் எண்ணிக்கைக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

இனி வேலிக்கு வருகிறேன், என் வாழ்க்கையில் பாதி இதில்தான் போயிருக்கிறது. ஒரு நிதியாளர் 4 கிலோமீட்டர் சோலார் வேலி போட்டுக்கொடுத்தார். திறப்பு விழா நடந்தது, படம் எடுத்தோம். இரண்டாவது மழைக்காலத்தில் கொடி படர்ந்து கம்பியைத் தொட்டது, மின்சாரம் மண்ணுக்குள் இறங்கியது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. யானை முட்டாளா என்ன, தும்பிக்கையின் மேல்பக்கத்தால் காற்றில் துழாவிப் பார்த்துவிட்டு, மரக்கம்பத்தைக் காலால் தள்ளிச் சாய்த்து நடந்துபோனது. வேலி வேலை செய்யும்போதுகூட ஆண் யானைகள் தந்தத்தால் கம்பியை அறுக்கும், தந்தத்தில் அவ்வளவாக மின்சாரம் பாயாது. மூன்றே வருடத்தில் அந்த வேலி துணி காயப்போடத்தான் பயன்பட்டது.

அடுத்த ஊரில் ஒரு அடி கம்பி வாங்குவதற்கு முன்பு 8 மாதம் கூட்டம் போட்டோம். யார் வயலை ஒட்டி எத்தனை மீட்டர், யார் கொடி வெட்டுவது, வெட்டாவிட்டால் என்ன தண்டம், பேட்டரி மாற்ற அறுவடைக்கு அறுவடை ஒவ்வொரு வீடும் எவ்வளவு போட வேண்டும், எல்லாவற்றையும் ஊரே பேசி எழுதிக்கொண்டது. தினமும் பொழுது சாயும்போது ஒருவர் மீட்டரோடு நடந்து வந்து வோல்ட் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும், 5,000க்குக் கீழே இறங்கியிருந்தால் அன்று இரவே காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலி 9 வருடமாக ஓடுகிறது. ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: சோலார் வேலியில் பாய்வது ஒரு நொடிக்கு ஒருமுறை வந்துபோகும் சின்னத் துடிப்பு, அது அடிக்கும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேராக எடுத்து வேலியில் விடுவது வேறு. அதில் யானையும் சாகும், விடியலில் வயலுக்குப் போகிற பிள்ளையும் சாகும். எந்த ஊரில் வேலை பார்த்தாலும் இதைத் திரும்பத் திரும்பப் பேசுங்கள்.

தேனீ வேலியும் வைத்துப் பார்த்தோம். கென்யாவில் லூசி கிங் என்ற ஆராய்ச்சியாளர் செய்துகாட்டியது, தேனீக்களுக்கு யானை பயப்படும் என்பதை வைத்து வயலைச் சுற்றி 10 மீட்டருக்கு ஒரு பெட்டி தொங்கவிட்டு எல்லாவற்றையும் கம்பியால் இணைப்பது. யானை கம்பியில் மோதினால் பெட்டிகள் ஆடும், தேனீ கிளம்பும். கேட்கவே அழகான யோசனை, தேனும் கிடைக்கும். எங்கள் இடத்தில் யானை வருகிற மாதங்களில் பூ இல்லை, பெட்டிகளை விட்டுத் தேனீக்கள் போய்விட்டன. கென்யாவிலும் வறட்சி வந்தால் பெட்டிகள் காலியாகி வேலி பலவீனமாகிறது. அது தோற்றுப்போன யோசனை அல்ல, எங்கள் பூக்காலத்துக்குப் பொருந்தாத யோசனை. வேறொரு இடத்தில் ஜெயித்ததைக் கொண்டுவரும்போது, அங்கே எதனால் ஜெயித்தது என்பதை முதலில் கேளுங்கள்.

பணம் விஷயத்தில் நான் கண்டது கொஞ்சம் கசப்பானது. காட்டைப் பார்க்க வருகிறவர்களிடம் வாங்கிய கட்டணத்தில் ஒரு பங்கு ஊருக்கு வந்தது. நல்ல காரியம். நேபாளத்தில் 1996 முதல் இருக்கிற விதிப்படி தேசியப் பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை சுற்றியுள்ள மக்களுக்குப் போகிறது, அதை முன்மாதிரியாகச் சொல்லித்தான் நாங்களும் கேட்டு வாங்கினோம். குழு கூடி ஒரு சமுதாயக் கூடம் கட்டியது, எல்லோரும் கைதட்டினோம். திறப்பு விழாவுக்கு அடுத்த கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "கூடம் ரோட்டோரம் இருக்கு. யானை வர்றது எங்க பக்கம். மழை பெஞ்சா நாங்க இங்க வந்து சேரவே முடியாது" என்றார். பேச்சே இல்லை. இழப்பு முழுவதும் காட்டை ஒட்டியிருந்த 23 வீடுகளுக்கு, பயன் முழுவதும் சாலையை ஒட்டியவர்களுக்கு. விலங்குகளால் வரும் வருமானத்தை ஊர்களுக்குக் கொடுக்க ஜிம்பாப்வேயில் 1989இல் தொடங்கிய கேம்ப்ஃபயர் திட்டத்தின் மேலும் இதே குறைதான் சொல்லப்பட்டது. விலங்குகளால் வந்த பணத்தில் பெரும்பங்கு மாவட்ட மன்றங்களோடு நின்றுவிட்டது, விலங்கோடு வாழ்கிற வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது கொஞ்சம். "ஊர்" என்று ஒன்று இல்லை, ஊருக்குள் பல ஊர் இருக்கிறது. இப்போதெல்லாம் எந்த வேலைக்கு முன்பும், யாருக்கு என்ன இழப்பு என்பதை வீடு வீடாகக் குறித்து ஒரு வரைபடம் போடாமல் நான் பணத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அந்தப் பெண் எழுந்து பேசியதற்கே ஒரு காரணம் இருந்தது. அதற்கு முன்பு எங்கள் கூட்டமெல்லாம் மாலை ஏழு மணிக்கு நடக்கும், அது சமையல் நேரம், ஒரு பெண்ணும் வரமுடியாது. பெண்களுக்கு அக்கறை இல்லை என்று நாங்களே ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறோம், நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மதியம் இரண்டரைக்கு மாற்றினோம், கூட்டம் நிரம்பியது. அவர்கள் சொன்ன இழப்புகள் எங்கள் எந்தப் படிவத்திலும் இல்லாதவை: ராத்திரி பரணில் காவல் இருந்த கணவன் பகலில் தூங்கிவிடுவதால் வயல்வேலையும் தன் தலையில் விழுவது, காவலுக்குப் போன பையன் மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாதது, இருட்டில் ஒதுங்கப் போகப் பயந்து சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருப்பது. அந்த வருடம் பலகைப் பணத்தை மாற்றிக் கழிப்பறைக்கும், ஓடைக்குப் போக வேண்டாதபடி தண்ணீர்க் குழாய்க்கும் போட்டோம். விலங்குப் பாதுகாப்புக்கும் கழிப்பறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட மேலதிகாரிக்குப் பதில் எழுத மூன்று பக்கம் ஆனது. விடிகாலையில் யானைக்கு எதிரே போய் மாட்டிக்கொள்வது அந்த ஊரில் ஏறக்குறைய நின்றே போனது.

அசாமில் பூர்ணிமா தேவி பர்மன் செய்ததை இந்த இடத்தில் நினைக்கிறேன். பெருநாரை, அங்கே ஹர்கிலா என்பார்கள், அசுத்தமான பறவை என்று மக்கள் வெறுத்தது. கூடு இருந்த மரத்தை அதன் சொந்தக்காரர் வெட்ட, குஞ்சுகள் கீழே விழுந்து கிடந்ததைப் பார்த்தவர், ஆராய்ச்சியை ஒத்திப்போட்டுவிட்டு அந்த ஊர்ப் பெண்களிடம் போனார். அவர்களைச் சேர்த்து, பறவையின் உருவத்தைத் துணியில் நெய்ய வைத்து வருமானத்துக்கு வழி செய்தார். இன்றைக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தப் பறவையைத் தங்களுடையது என்கிறார்கள். 2022இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் விருது அவருக்குக் கிடைத்தது. வெறுத்தவர்களைக் குற்றம் சொல்லாமல் தொடங்கினார் என்பதுதான் எனக்கு அதில் பெரிதாகப் படுகிறது.

காப்பீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். இழப்பீடு தாமதமாவதைப் பார்த்துப் பார்த்து அலுத்து, ஊர் மாடுகளுக்கு ஊரே ஒரு நிதி வைத்துக்கொள்ளலாம் என்று தொடங்கினோம். பாகிஸ்தானின் பல்திஸ்தானில் பனிச்சிறுத்தை அடிக்கும் ஆடுகளுக்காக 1999இல் ஷஃப்கத் ஹுசைன் தொடங்கியதுதான் மாதிரி, மேய்ப்பவர்களும் தவணை கட்டுவார்கள், வெளியிலிருந்தும் பணம் சேரும். இரண்டாம் வருடம் ஒருவர் தன் மாட்டைப் புலி அடித்ததாகச் சொன்னார். நான் போய்ப் பார்த்து, படம் எடுத்து, சரி என்று எழுதப் போய்விட்டேன். குழுவில் இருந்த பெரியவர் மட்டும் மாட்டின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், ஊதியிருந்தது. இழுத்துவந்த தடத்தில் கயிற்றுத் தடமும் இருந்தது. நோயில் செத்த மாடு. எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தவில்லை. தனியாகக் கூப்பிட்டு, "உன் வீட்டு நிலைமை எங்களுக்குத் தெரியும். பணம் வேணும்னா கடனாக் கேளு, பொய்யாக் கேக்காத" என்றார்கள், கடனும் கொடுத்தார்கள். நான் தீர்ப்புச் சொல்லியிருந்தால் ஒன்று ஏமாந்திருப்பேன், இல்லை அந்த மனிதரை ஊரைவிட்டே விலக்கியிருப்பேன். தவணை கட்டியவர்கள் கையிலேயே சரிபார்க்கும் பொறுப்பும் இருக்க வேண்டும்.

எழுதக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. எங்கள் பகுதியில் ஒருவரை யானை அடித்துக் கொன்றது, விடியலில் வயலிலிருந்து திரும்பும்போது. நான் போனேன். போகாமல் இருந்திருந்தால் அதன்பிறகு அந்த ஊருக்குள் கால் வைத்திருக்க முடியாது. கேமரா, நோட்டு எதுவும் எடுத்துப் போகவில்லை. யானை ஏன் அப்படிச் செய்தது என்று ஒரு வார்த்தை விளக்கவில்லை, அந்த இடத்தில் விளக்கம் எல்லாமே பழி சொல்வது போலத்தான் கேட்கும். ஒரு ஓரமாக நின்றேன், யாரோ கத்தினார்கள், சட்டையைப் பிடித்தார்கள், நின்றேன். நான்கு நாள் கழித்து காகிதங்களோடு போய், இறப்புச் சான்று, விண்ணப்பம், வங்கிக் கணக்கு எல்லாம் முடியும்வரை அவர் மனைவியோடு அலைந்தேன். மகன் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. அந்த மாதங்களில் எனக்குத் தூக்கம் கெட்டது, யாரிடமும் சொல்லவில்லை, அது தப்பு. புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்தால் பேசுவதற்கு ஆள் தேடுங்கள், தேவைப்பட்டால் மருத்துவரிடம் போங்கள். வேலை கொடுக்கிற அமைப்பும் அதற்கு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும்.

வேலை என்று பார்த்தால்: சம்பளம் குறைவு, பெரும்பாலும் ஒரு வருடம் முதல் மூன்று வருடம் வரை ஒப்பந்தம், நிதி முடிந்தால் வேலையும் முடியும். யானைக்கும் ஊருக்கும் மூன்று வருடக் கணக்குக் கிடையாது, நமக்கு மட்டும் உண்டு. அதனால் நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். நிதி எந்த மாதத்தில் முடிகிறது? களத்தில் இருப்பவர்களுக்கு விபத்துக் காப்பீடு உண்டா? உங்கள் பணியாளர்களில் எத்தனை பேர் அந்த ஊர்க்காரர்கள், அவர்களில் எத்தனை பேர் முடிவெடுக்கிற இடத்தில் இருக்கிறார்கள்? பெண் பணியாளர் தங்கப் பாதுகாப்பான இடமும் கழிப்பறையும் இருக்கிறதா? முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம். படிப்பு எதுவானாலும் பரவாயில்லை, விலங்கியலும் சரி, வேளாண்மையும் சமூகப்பணியும் வணிகவியலும் சரி. ஆனால் விதைப்பிலிருந்து அறுவடை வரை ஒரு முழு வருடம் ஒரே ஊரில் தங்கிப் பாருங்கள். சம்பளமில்லாமல் மாதக்கணக்கில் உழைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் நிலைக்கிற துறையாக இது ஆகிவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம், காட்டோரத்து வீட்டிலிருந்து வருகிற பிள்ளையால் சும்மா உழைக்க முடியாது.

ஆடுகளை இழந்த அந்த அம்மா போன வருடம் ராத்திரி பதினொன்றுக்கு போன் செய்தார். "தம்பி, உங்க யானை குட்டியோட எங்க கிணத்துப் பக்கம் நிக்குது. சுவரு தாழ்வா இருக்கு, குட்டி விழுந்திரும். சீக்கிரம் ஆள அனுப்புங்க." இன்றும் உங்க யானைதான். ஆட்கள் போய்ச் சேரும்வரை வீட்டு விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, நாயைக் கட்டிப்போட்டு, பக்கத்து வீடுகளுக்கும் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லித் தகவல் அனுப்பியிருக்கிறார். தாயும் குட்டியும் அரை மணி நேரத்தில் தானாகவே விலகிப் போயின. மறுவாரம் கிணற்றுச் சுவரை உயர்த்தினோம். கல் நாங்கள், கூலி அவர்.

நான் அந்தப் பகுதியை விட்டு வேறு பொறுப்புக்கு வந்து 4 மாதம் ஆகிறது. வேலிப் பதிவேட்டை, இரண்டு வருடமாகக் கூடவே நடந்து பழகிய ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தேன், என்னிடம் பேசாமல் இருந்தவரின் தங்கை. இனி என்னிடம் கேட்க வேண்டியதில்லை என்றாலும் முதல் நாள் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மாலை 6.10, 6,400 வோல்ட், 31ஆம் கம்பத்தில் கொடி, வெட்டியாச்சு.